ஆய்த எழுத்துக்கு எந்த மாடி

சனிக்கிழமை காலையில் நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளுவது அனுஷியாவின் வேலை. அந்த வீட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். கணவன் சுதேஷ் த்ரீவீல் ஓட்டுகிறவன். கையில் கருவாட்டு வாடை இருந்தால் ஏறிய ஆட்கள் இறங்கிவிடுவார்களாம். மகளுக்குச் சனிக்கிழமை முழுக்க டியூஷன். ஆகவே கிழமைக்கு ஐந்து நாள் கந்தோரில் பேனை பிடிக்கிற விரல்கள் ஆறாம் நாள் நெத்தலியின் கழுத்தைப் பிடித்தன.

குசினி வாசலில் பலகையைப் போட்டு, மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஐம்பது தலைகூடக் கிள்ளியிருக்கமாட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அடுத்த லயத்து அழகமுத்து. தெரு வேலைக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது தெருவை விட்டுவிட்டார், அதட்டலை விடவில்லை.

"என்னா அனுஷியா, கருவாடா?"

"இல்ல மாமா, தங்கம். என்னா விசயம், சொல்லுங்க."

அவர் கைத்தொலைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். கந்தோர்ச் சுவரில் ஒட்டிய அறிவித்தலின் படம். "இதுல மூணாவது யாரு?"

"நீங்க."

"ரெண்டாவது?"

"நான்."

"அறுபத்திரண்டு வருசமா எந்த லிஸ்டுலயும் நான்தான் மொத ஆளு. பள்ளிக்கூட இடாப்புல, மரண சகாய சங்கத்துல, ஆஸ்பத்திரி கிளினிக்குல. அழகமுத்துன்னு கூப்புட்டுத்தான் அடுத்த பேரே கூப்புடுவாங்க. இப்ப நீ எனக்கு முன்னாடி நிக்கிற."

"நான் நிக்கல மாமா. கம்பியூட்டர் நிக்க வச்சிருக்கு."

"கம்பியூட்டருக்கு முன்னாடி குந்தியிருக்கிறது யாரு?" என்றார் அழகமுத்து. "ழானா முந்தியா, றன்னகரம் முந்தியா? ய ர ல வ ழ ள ற ன. ன கடைசி. எனக்கே தெரியுது. ஒங்க கந்தோருக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது சரி. அதுதான் அனுஷியாவுக்குப் பொறுக்கவில்லை. பிழையாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஒரே கிள்ளில் இரண்டு நெத்தலியின் தலையை எடுத்தாள்.

விசயம் இதுதான். மஹய்யாவவில் அவர்களுடைய லய வரிசை வீடுகள் இருக்கும் சரிவு போன வருடத்து மழையில் வெடித்தது. சுவர்களில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு. அறுபத்துநாலு குடும்பங்கள் வீட்டைவிட்டு எழும்ப வேண்டும் என்றார்கள். கீழே, ரோட்டுக்குப் பக்கத்தில், நாலு தளத்தில் ஒரு கட்டடம் எழும்பியது. ஒரு தளத்துக்குப் பதினாறு வீடு. லிப்ட் இல்லை. அறுபத்துநாலு குடும்பத்துக்கும் கீழ்த்தளம்தான் வேண்டியிருந்தது.

சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று கூட்டத்தில் சொன்னதும், பெட்டியை யார் பிடிப்பது என்று சண்டை. பெட்டியைப் பிடிக்க ஆள் கிடைத்ததும், சீட்டை யார் மடிப்பது என்று சண்டை. சத்தம் தாங்காமல் அனுஷியாதான் எழும்பிச் சொன்னாள்: "பேரோட அகர வரிசைப்படி குடுத்துட்டா யாரும் யாரையும் குத்தம் சொல்ல ஏலாது." எல்லோரும் கைதட்டினார்கள். நாற்பத்தெட்டு வயதில் அவள் வாங்கிய முதல் கைதட்டு அது. எந்த மொழியின் வரிசை என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

கந்தோர் மூன்று மொழியிலும் மூன்று பட்டியலை ஒட்டியது. ஒவ்வொன்றையும் கணினி அதனதன் எழுத்துப்படி அடுக்கி, ஒன்றிலிருந்து இலக்கமும் போட்டுவிட்டது. அவ்வளவுதான். குடைக்கடை ஃபாஸில் தமிழில் முதலாம் ஆள், சிங்களத்தில் அறுபத்துநாலாம் ஆள். சிங்களத்தில் அவருடைய முதல் எழுத்துக்குத்தான் கடைசி இடம். அனுஷியாவின் அக்கா சுந்தரி தமிழில் பதினேழு, ஆங்கிலத்தில் ஐம்பத்தைந்து, சிங்களத்தில் ஐம்பத்தேழு. ஒரே ஆளுக்கு மூன்று இலக்கம். ஒரு முழுக் கிழமை கந்தோர் வாசலில் மூன்று பட்டியலையும் படம் பிடித்துக்கொண்டு வந்து, எது தனக்கு நல்லதோ அதுதான் சட்டம் என்று ஆளாளுக்கு வாதாடினார்கள்.

அறுபத்துநாலு பேரும் விண்ணப்பித்தது தமிழில், ஆகவே தமிழ்ப் பட்டியல்தான் செல்லுபடியாக வேண்டும் என்று மேலதிகாரியிடம் மூன்று நாள் நின்று உத்தரவு வாங்கியவளும் அனுஷியாதான். அவளுக்கு இது புதிய சண்டை அல்ல. இருபத்துநாலு வயதில் பரீட்சை எழுதி அந்தக் கந்தோரில் சேர்ந்த நாளிலிருந்து 'தமிழ் வேலை' எது வந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். கடிதம், அறிவித்தல், கழிவறைக் கதவில் ஒட்டுகிற துண்டு உட்பட. முந்தியெல்லாம் தமிழ்ப் பட்டியல் என்றால் சிங்களப் பட்டியலை அதே வரிசையில் தமிழ் எழுத்தில் அடித்துவிடுவார்கள். 'சு'வில் தொடங்குகிற பெயர் 'வ'வுக்கும் பின்னால் போய்க் கிடக்கும். ஒரு தடவை நிவாரணப் பட்டியலில் பெயரே இல்லை என்று மூன்று பொம்பளைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். பெயர் இருந்தது. அவர்கள் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். தமிழ்ப் பெயரைத் தமிழ் வரிசையில் போடுங்கள் என்று அன்றிலிருந்து அவள் எழுதாத குறிப்பு இல்லை. இருபத்துநாலு வருடம் கேட்டுக் கிடைத்த வரிசை இதுதான்.

"நாளான்னைக்குப் போயி சரி பண்றேன் மாமா," என்றாள். "நீங்கதான் மொத ஆளு. போதுமா?"

"அந்த ஃபாஸில்?"

"அவரையும் பாக்குறேன்."

"எனக்கொன்னும் அவசரமில்ல," என்று செருப்பைப் போட்டார் அழகமுத்து. "மொத ஆளா, மூணாவது ஆளான்னு எனக்கென்ன? நியாயம்னு ஒன்னு இருக்குல்ல."

அவர் போய்ப் பத்து நிமிடத்தில் சுந்தரி வந்தாள். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். வந்தவள் எதிரில் குந்தி, சுளகின் ஒரு பக்கத்தை இழுத்து, தானும் கிள்ள ஆரம்பித்தாள். அவள் விரல் அனுஷியாவின் விரலைவிட வேகம்.

"அத்தான் எந்திரிச்சிட்டாரா?"

"ம்."

"கால் புண்ணு?"

"காஞ்சிட்டு வருது."

சுந்தரியின் கணவர் ஜனார்த்தனனுக்குச் சீனி வருத்தத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊன்றுகோல் இரண்டு. நடக்க இயலாதவர்களுக்கென்று கட்டடத்தில் இரண்டு வீடு ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு வைத்தியச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய கடைசித் தினத்தில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்க மருந்தில் கிடந்தார். காலை எடுத்த நாளே அதுதான். வேறு விண்ணப்பம் இல்லாததால் அந்த இரண்டு வீடும் பொதுப் பட்டியலோடு சேர்ந்துவிட்டன. முதலாம் மாடிக்குப் பத்தொன்பது படி.

சுந்தரி நாலைந்து தலையைக் கிள்ளிவிட்டுச் சொன்னாள்: "பதினேழுன்னு போட்டிருக்கு."

"பாத்தேன்."

"பதினாறு வரைக்குந்தான் கீழன்னு சொன்னாங்க."

"ஆமா."

சுந்தரி அடுத்த நெத்தலியை எடுத்தாள். அனுஷியாவுக்குத் தெரிந்து அக்கா யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வீட்டில் உப்புத் தீர்ந்தால் உப்பில்லாமல் சமைப்பாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டாள். அப்பா போனபோது சுந்தரி சாதாரண தரத்தோடு நின்று துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அனுஷியா உயர்தரம் படித்தாள். யாரும் யாரையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசப்பட்டதில்லை. பேசியிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும் என்று அனுஷியாவுக்குச் சில நேரம் எரிச்சலாக வரும்.

பாதி நெத்தலியை ஒரு கிண்ணத்தில் போட்டு அக்கா கையில் கொடுத்தனுப்பினாள். "ஒரே ஒரு எடம்தான்க்கா. திங்கக்கெழம பாக்குறேன்."

திங்கட்கிழமை காலை கந்தோரில் கையெழுத்து வைத்த கையோடு நஸீபின் மேசைக்குப் போனாள். நஸீப் வத்தேகமவிலிருந்து வருகிறவன். கந்தோரின் கணினி எல்லாம் அவன் பொறுப்பு. நல்ல பிள்ளை, ஆனால் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வான்.

"நஸீப், எந்தப் பள்ளிக்கூடத்துல ன முந்தி, ழ பிந்தின்னு படிச்சீங்க?"

"நான் ஒண்டும் செய்யல்ல மிஸ். அடுக்கிறத்துக்கு சின்னதா ஒரு ப்ரோகிராம் எழுதினன். அது தான் அப்பிடி போட்டது."

"அதுக்குத் தமிழ் தெரியாதா?"

"அதுக்கு எழுத்தே தெரியா மிஸ். நம்பர் மட்டும் தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் ஈக்கிது." திரையைத் திருப்பிக் காட்டினான். "இந்தா பாருங்க. ன 2985, ழ 2996. அப்ப ங்களுக்கு பொறகு தான் அழகமுத்து நானா. ஃ 2947, அ 2949. அப்ப ஃபாஸில் நானா எல்லாருக்கும் முந்தி. ங்கள்ட பேர்ல அது கைய வெச்சில்ல, பயப்பட வாணாம்."

ஒரு சொட்டுத் தமிழ் தெரியாத ஒரு சாமான் அறுபத்துநாலு தமிழ்க் குடும்பத்தை மாடி ஏற்றுகிறது, இவன் சிரிக்கிறான். அனுஷியா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இருவருமாகப் பள்ளிக்கூட வரிசையை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார்கள். புள்ளி வைத்த எழுத்து முந்தி, ஜ ஷ ஸ ஹ கடைசி, ஆய்தம் உயிரெழுத்துக்குப் பின்னால், மெய்க்கு முன்னால். பகல் சாப்பாட்டுக்கு மணி அடிக்கையில் புதிய பட்டியல் வந்தது. அழகமுத்து ஒன்று. அனுஷியா இரண்டு.

"எப்பிடி போட்டாலும் நீங்க ரெண்டாவது தான் மிஸ்," என்றான் நஸீப்.

அவள் விரல் கீழே இறங்கியது. உயிரெழுத்துகள் முடிந்த இடத்தில் ஃபாஸில். பிறகு க. பிறகு ச. சுந்தரி, பதினேழு.

இவ்வளவு பாடுபட்டும் அக்கா இருந்த இடத்தில் இருந்தாள். அழகமுத்துவின் மானம் மட்டும் கீழ்த்தளத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

"இந்த ஃ-வை யாரு எழுத்தா எண்ணுறாங்க?" என்றாள் அனுஷியா. "அகராதியில அதுக்கு ஒரு பக்கம் கூட இல்ல. ப-வுக்கு முன்னால மூணு புள்ளி, காத்து விடச் சொல்லி ஒரு அடையாளம். அவரு ப-வுல வர வேண்டிய ஆளு."

"ப-ல போட்டா அவர் முப்பத்தேழு."

"சுந்தரி?"

"பதினாறு," என்றான் நஸீப். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "மிஸ், நாங்களா மாத்த ஏலா. பள்ளிக்கூட வரிசையில ஃ எங்க ஈக்கிதோ அங்க தான் போட்டீக்கி. ஐடில அவர்ட பேர் வேற மாதிரி ஈந்தா திருத்தலாம். அதுக்கு அவர்ட கையெழுத்து வேணும். இல்லாட்டி, ரெண்டு பேர் சம்மதிச்சு வீடு மாத்திக்கொள்ள ஒரு ஃபோம் ஈக்கிது." லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அனுஷியா அதைப் பார்க்காமலே மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். அவளுக்குத் தேவைப்பட்டது அடையாள அட்டை.

ஃபாஸிலின் கடை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டு ஆள் அகலத்தில், குடையும் பிளாஸ்டிக் வாளியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை விட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது மழை தொடங்கியிருந்ததால் வியாபாரம் மும்முரம். ஃபாஸில் நானாவுக்கு ஐம்பது வயது, பாரமான உடம்பு, இளகின மனம். அவளைக் கண்டதும் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார்.

"மிஸ், ஒரு நோட்டீஸ்ல நான் மொதலாவது ஆள். மத்ததுல கடசி ஆள். நான் ஆருண்டு எனக்கே வெளங்குதில்ல."

"அதுக்குத்தான் வந்தேன் நானா. ஐடியைக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினார். அட்டையில் தமிழில் 'பாஸில்' என்றுதான் இருந்தது. புள்ளியும் இல்லை, ஆய்தமும் இல்லை. வெறும் பானா.

"நானா, இதுல பாஸில்னுதான் இருக்கு. லிஸ்டுல ஃபாஸில்னு போயிருக்கு. ஐடியில இருக்கிற மாதிரி திருத்தணும். இதுல ஒரு கையெழுத்து."

ஃபாஸில் ஒருவருக்குக் குடையை விரித்துக் காட்டி, மூடி, மிச்சத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "திருத்தினா நான் எங்க போவன்?"

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "முப்பத்தேழு. ரெண்டாம் மாடி."

"ஓ." அவர் தாடியைத் தடவினார். "அந்த ஃ-வ போட்டது ஆரு மிஸ்?"

"யாரு?"

"நீங்க தானே."

அனுஷியா அட்டையை மறுபடி பார்த்தாள். ஞாபகம் வந்துவிட்டது. லயத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாள், தன் குசினி மேசையில் வைத்து. ஃபாஸில் அட்டையை நீட்டி "இதுல ஈக்கிற மாதிரியே போடுங்க மிஸ்" என்றார். அவள்தான் கேட்கவில்லை. 'என்னா நானா, ஒங்க பேரை நீங்களே பிழையா எழுதலாமா? பானா போட்டா பாசிப்பயறு மாதிரி இருக்கு. ஃ போடணும்' என்று சொல்லி, மூன்று புள்ளியையும் அழகாக, உருண்டையாக வைத்தாள். அவர்கூட வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டியதாகச் சொன்னார். இருபத்துநாலு வருடமாக ஒவ்வொருவர் பெயரையும் ஒழுங்காக எழுத வைக்க அவள் பட்ட பாட்டுக்கு, எழுத்து ஒழுங்காக உட்கார்ந்த ஒரே இடம் அதுதான்.

"நீங்க படிச்ச ஆள். நீங்க போட்டா சரியா தான் ஈக்கும்," என்றார் ஃபாஸில். கிண்டல் இல்லை, அவருக்குக் கிண்டல் வராது. "எடுக்கணும்டாலும் எடுங்க. ஐடில அப்பிடி ஈக்கிதுண்டா எனக்கு பேச ஏலா. என்ன, கீழ வீடு கெடச்சா ஜன்னலால சின்னதா ஒரு கட போடலாமுண்டு பொஞ்சாதி கணக்கு போட்டுக்கொண்டு ஈந்தா. அது போவட்டும்." பேனையை எடுத்தார். எடுத்தவர் அதைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஒண்டு கேக்கிறன், கோவிச்சிக்கொள்ளாதீங்க. இது ங்கள்ட தாத்தாக்கு தானே?"

அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. "ஆமா நானா."

"நல்லது தானே. கால் இல்லாத மனிசன் மேல ஏற ஏலா. ஆனா மிஸ், ங்கள்ட தாத்தாக்கு வீடு குடுக்க என்ட எழுத்த ஏன் புடுங்கணும்? நீங்க ரெண்டாம் நம்பர் தானே?"

மழை தகரத்தில் கொட்டியது. யாரோ கறுப்புக் குடை இருக்கிறதா என்று கேட்டார்கள். அனுஷியா திருத்தப் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் வாறேன் நானா," என்று எழும்பினாள். குடை வாங்கவில்லை. கடையில் அத்தனை குடை தொங்கியும் நனைந்துகொண்டுதான் பஸ்ஸுக்குப் போனாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை எல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எனக்கும் வயது நாற்பத்தெட்டு. எனக்கும் குதிகாலில் குத்து. நூற்று நாற்பத்து மூன்று படி இறங்கித்தான் காலையில் பஸ் பிடிக்கிறேன். மேல் வீட்டுக்காரி துணியிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் படாமல் ஒரு நாளாவது என் துணி காய வேண்டாமா? த்ரீவீலைச் சுதேஷ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டது பிழையா? எல்லாம் நல்ல பதில்கள். ஒன்றிலும் பிழை இல்லை. மஹய்யாவவில் இறங்கியபோது அவள் கோபம் நஸீபையும், அவனுடைய நம்பரையும், அழகமுத்துவையும், ஆய்த எழுத்தையும் சுற்றிவிட்டு, கொஞ்சமும் நியாயமில்லாமல், அக்காவின் மேல் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்தால், சுந்தரி குசினியில் இருந்தாள். சனிக்கிழமை கொண்டுபோன கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற பழக்கம் அவளிடம் இல்லை. நெத்தலியை வெங்காயத்தோடு பிரட்டிக் கொண்டுவந்திருந்தாள். அனுஷியாவின் சட்டியில் அதைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நனஞ்சிட்டியே. தலையத் தொடை."

அனுஷியா தலையைத் துடைக்கவில்லை. "வெள்ளிக்கெழம புது லிஸ்டு ஒட்டுறாங்க. நீ பதினேழுதான்."

"சரி."

"என்னா சரி? பத்தொம்பது படி. அத்தானை எப்படி ஏத்துவ? கிளினிக்குக்கு எப்படி எறக்குவ?"

"மெதுவா," என்றாள் சுந்தரி.

அந்தச் சொல்தான் அனுஷியாவைக் குத்தியது. கைப்பையைத் திறந்து, நஸீப் தந்த படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பஸ் தரிப்பிடத்துக் கட்டையில் உட்கார்ந்து அதை நிரப்பியிருந்தாள். ஒரு பக்கம் அனுஷியா, இலக்கம் இரண்டு. மறுபக்கம் சுந்தரி, இலக்கம் பதினேழு. மழைத்துளி பட்டு 'சு'வின் சுழி கொஞ்சம் ஊறியிருந்தது. கையெழுத்து வைக்கிற இரண்டு கோடும் வெறுமை.

சுந்தரி குனிந்து பார்த்தாள். அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள், ஆனால் ஒன்றையும் விடமாட்டாள். வாசித்து முடித்ததும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"கேளேன்க்கா," என்றாள் அனுஷியா. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து கேளு. மாத்திக்குடுன்னு கேளு. நான் சரின்னு சொல்லுவேனோ ஏலாதுன்னு சொல்லுவேனோ, எனக்கே தெரியல. நீ கேட்டாத்தானே தெரியும்? ஊர்ல உள்ள எல்லாரும் வாசல்ல வந்து கேக்குறாங்க. நீ மட்டும் என்கிட்ட ஏன் கேக்க மாட்டேங்கிற?"

சுந்தரி வெறும் கிண்ணத்தைக் கழுவினாள். உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தாள். படிவம் ஈரத்தில் ஒட்டிவிடாமல் அதை மேசையின் காய்ந்த பக்கத்துக்கு நகர்த்தி, பறக்காதபடி அதன் மூலையில் உப்புப் போத்தலைத் தூக்கி வைத்தாள். பிறகு கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசல் சீலையை ஒதுக்கி, குசினியைவிட்டுப் போனாள்.